அந்தப் பிட்டர் கெட்டுப்போனதா, இல்லை அப்படித்தான் இருக்குமா?

நீங்கள் கேட்டிருப்பதை முதலில் என் வார்த்தையில் சொல்லிவிடுகிறேன். படிப்பதற்காக இங்கிலாந்தின் லீட்ஸுக்கு வந்து 3 மாதம் ஆகிறது. சூப்பர்மார்க்கெட்டில் பிட்டர் என்ற ஆங்கிலேய வகை பீரில் நாலு கேன் அடங்கிய ஒரு கட்டு வாங்கினீர்கள். ஃப்ரிட்ஜில் வைத்து இரண்டைக் குடித்தீர்கள். மேலே பாலாடை மாதிரி நுரை, கீழே ‘ஆறிப்போன கட்டன் சாயாவில் தண்ணீர் ஊற்றிய மாதிரி’ ஒரு பானம், கேஸே இல்லை, கடைசியில் மட்டும் ஒரு கசப்பு. இது கெட்டுப்போன சரக்கா, இல்லை இந்த பீரே இவ்வளவுதானா, நல்லது கெட்டது என்று எதை வைத்துச் சொல்வது, மதிப்பெண் எப்படிப் போடுவது என்று கேட்கிறீர்கள். இதற்குள் மூன்று கேள்விகள் கலந்து கிடக்கின்றன. இந்த வகை பீர் எப்படி இருக்க வேண்டும், கேன் அதை என்ன செய்தது, உங்கள் நாக்கு எதை எதிர்பார்த்தது. இவற்றைப் பிரிக்காமல் விட்டால் ஒன்றின் பழியை இன்னொன்றின் மேல் போட்டுவிடுவோம்.

யார்க்‌ஷயரில் ஒரு பீர் ஆலையின் ஆய்வகத்தில் 11 வருடம் வேலை பார்த்தேன். தினமும் காலை 11 மணிக்கு, மதியச் சாப்பாட்டுக்கு முன்னால் நாக்கு சுத்தமாக இருக்கும் நேரத்தில், ஆறேழு பேர் உட்கார்ந்து முந்தைய நாள் அடைத்த கேன்களைச் சுவைத்து எழுதுவோம். அந்தப் பழக்கத்திலிருந்துதான் சொல்கிறேன். உங்கள் கேன் என் கையில் இல்லை, நீங்கள் அதன் பெயரையும் சொல்லவில்லை. அதனால் கெட்டதா இல்லையா என்று என்னால் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதிய நான்கு குறைகளில் கெட்டுப்போனதற்கான அடையாளம் ஒன்றுகூட இல்லை. இதை மட்டும் நம்பிக்கையோடு சொல்வேன்.

பிட்டர் என்ற பெயர் பப்பில் குடிக்க வந்தவர்களிடமிருந்து வந்தது. 19ஆம் நூற்றாண்டில் ஆலைகள் அதைப் பேல் ஏல், அதாவது வெளிர் நிற பீர், என்றுதான் எழுதின. பப்பில் நின்றவர்கள், இனிப்பு கூடிய மைல்ட் என்ற பீரிலிருந்து பிரித்துச் சொல்வதற்காக ‘பிட்டர்’ என்று கேட்டு வாங்கினார்கள். அந்தக் காலத்தில் இங்கிலாந்தின் பர்ட்டன் ஊரிலிருந்து இந்தியாவுக்குக் கப்பலேறிய பேல் ஏலும் இதே குடும்பம்தான். மாதக்கணக்கில் கடலில் தாக்குப்பிடிக்க வேண்டிய அவசியம் உள்ளூர் பீருக்கு இல்லை. அது போகப்போக இலகுவான, பீப்பாயைத் திறந்த சில நாளில் குடித்துத் தீர்க்கிற பீராக மாறியது. வேலை முடிந்து வந்தவர் 568 மில்லி பைண்ட் ஒன்றை முடித்து, பேச்சு முடியாததால் இன்னொன்று வாங்கினாலும் திகட்டக் கூடாது. பிட்டரின் வேலை அதுதான். முதல் வாயிலேயே அசத்த வேண்டும் என்று எதிர்பார்த்தால் நல்ல பிட்டரும் தோற்றுப்போகும்.

இப்போது உங்கள் ‘தண்ணீர்’ புகாருக்கு வருவோம். சாதாரண பிட்டரில் 3.2 முதல் 3.8 சதவீதம் வரை ஆல்கஹால் இருக்கும். பெஸ்ட் பிட்டர் என்பது ஏறத்தாழ 4.6 வரை, அதற்கு மேலே ஸ்ட்ராங் பிட்டர். நம் ஊரில் ஸ்ட்ராங் என்று விற்கும் பீர் 8 வரை போகும். அதில் பழகிய நாக்குக்கு இது மெலிவாகத் தெரியத்தான் செய்யும். அதே சமயம் உங்கள் புகாரில் ஒரு பங்கு உண்மையும் இருக்கலாம். 2023 ஆகஸ்ட் முதல் பிரிட்டனில் 3.5 சதவீதத்துக்குக் கீழே உள்ள பீருக்கு வரி கணிசமாகக் குறைவு. அதன் பிறகு கேனில் வரும் பல பிட்டர்கள் 3.4-க்கு இறங்கின. ஆல்கஹால் குறையும்போது வாயில் உணரும் கனமும் இனிப்பும் குறையும். திறமையான ஆலை மால்ட்டை (முளைகட்டிக் காயவைத்த பார்லி) கூட்டி அதைச் சரிக்கட்டும், அக்கறையில்லாத ஆலை அப்படியே விட்டுவிடும். உங்கள் கேனின் பக்கவாட்டில் அந்த எண் இருக்கும், பாருங்கள்.

சரி, நல்ல பிட்டரில் எதைத் தேடுவது? முதலில் மால்ட். மாரிஸ் ஆட்டர் என்று ஒரு பார்லி உண்டு, 1960களில் கேம்பிரிட்ஜில் உருவாக்கப்பட்டது. விளைச்சல் குறைவு, விலை கூடுதல், ஆனாலும் பிட்டர் காய்ச்சுகிறவர்கள் அதை விடவில்லை. அதில் செய்த பீரை மோந்தால் பிஸ்கட் டப்பாவைத் திறந்த மாதிரி இருக்கும், ரொட்டியின் முறுகிய ஓரம் ஞாபகத்துக்கு வரும். கூடவே கொஞ்சம் கிரிஸ்டல் மால்ட் சேர்த்திருந்தால் கடலைமிட்டாய்க்குப் பாகு காய்ச்சும்போது எழும் வாசனை வரும், செம்பு நிறமும் அதனால்தான். அப்புறம் ஹாப்ஸ், பீருக்குக் கசப்பும் வாசனையும் தரும் ஒரு கொடியின் பூ. ஃபக்கிள், ஈஸ்ட் கென்ட் கோல்டிங்ஸ் என்ற இரண்டும்தான் பழைய பெயர்கள். புது அமெரிக்க ஹாப்ஸ் மாதிரி மாம்பழம், பம்ப்ளிமாஸ் என்று முகத்தில் வந்து அடிக்காது. காய்ந்த புல், மழை பெய்த மண், கொஞ்சம் தேன், தூரத்தில் ஒரு பூ என்று அடங்கித்தான் இருக்கும். ஈஸ்டின் பங்கு பழவாசனை. லண்டன் சிஸிக்கில் ஃபுல்லர்ஸ் காய்ச்சும் பீர்களில் ஆரஞ்சு மர்மலேட் மாதிரி ஒன்று வருகிறதே, அது பெரும்பாலும் அந்த ஆலையின் ஈஸ்ட் செய்கிற வேலை. தண்ணீருக்கும் பங்குண்டு. பர்ட்டன் கிணறுகளில் ஜிப்சம் என்ற தாது உப்பு அதிகம், அதிலுள்ள சல்பேட் கசப்பைக் கூராக்கிக் காட்டும். மற்ற ஊர்களில் காய்ச்சுகிறவர்கள் தண்ணீரில் ஜிப்சத்தைக் கலந்துகொள்வதும் அதனால்தான்.

கசப்பைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். ஹாப்ஸிலிருந்து வரும் கசப்புப் பொருள் லிட்டருக்கு ஒரு மில்லிகிராம் இருந்தால் அதை ஒரு கசப்பு அலகு என்பார்கள். பிட்டரில் 25 முதல் 40 வரை, உலகமெங்கும் விற்கிற மெலிந்த லாகர் வகை பீர்களில் 8 முதல் 18 வரை. எண்ணைவிடவும் கசப்பு எப்படி வந்து எப்படிப் போகிறது என்பதுதான் தரத்தைக் காட்டும். வேப்பம்பூ ரசத்தை நினைத்துக்கொள்ளுங்கள். வாயில் விட்டதும் தெரியாது, விழுங்கிய பிறகு மெல்ல எழும், நாக்கைத் துடைத்துவிட்டுப் போகும், அடுத்த வாய்க்கு ஆசை காட்டும். நல்ல பிட்டரின் கசப்பு அப்படித்தான். மாத்திரை நாக்கில் கரைந்த மாதிரி ஒட்டிக்கொண்டு, அடித்தொண்டையில் கரகரவென்று நின்றால் அது கரடுமுரடான கசப்பு, மதிப்பெண் குறையும். ‘கடைசியில் மட்டும் ஒரு கசப்பு’ என்று நீங்கள் குறையாக எழுதியது உண்மையில் இலக்கணப்படி சரியாக நடந்த விஷயம்.

கேஸ் இல்லாததற்கும் பாலாடை நுரைக்கும் ஒரே விடை இருக்கக்கூடும். காலி கேனைக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே பிளாஸ்டிக் உருண்டை உருளும் சத்தம் கேட்டால் அதற்கு விட்ஜெட் என்று பெயர். கேன்மேல் ‘ஸ்மூத்’ என்றோ ‘டிராஃப்ட்’ என்றோ எழுதியிருக்கும். 1980களின் கடைசியில் கின்னஸ் பீர் ஆலை கடைக்குக் கொண்டுவந்த உத்தி இது. பிறகு மான்செஸ்டரின் பாடிங்டன்ஸ் போன்ற பிட்டர்களும் எடுத்துக்கொண்டன. அந்த உருண்டையில் ஊசிமுனைத் துளை ஒன்று உண்டு. கேனை மூடும் முன் ஒரு துளி திரவ நைட்ரஜன் விடுவார்கள். அது ஆவியாகி அழுத்தம் ஏறும்போது கொஞ்சம் பீரும் வாயுவும் உருண்டைக்குள் புகுந்துகொள்ளும். நீங்கள் கேனைத் திறந்த நொடியில் அழுத்தம் சட்டென இறங்க, உள்ளே இருந்தது பீறிட்டு வெளியே வந்து பீர் முழுவதையும் கலக்கி மிகச் சிறிய குமிழிகளாக்கும். நைட்ரஜன் பீரில் அவ்வளவாகக் கரையாது, அதனால் நாக்கில் சுருக்கென்று குத்தவும் குத்தாது.

இப்படி ஏன் செய்தார்கள் என்றால், பப்பில் கைப்பம்பால் இழுத்து ஊற்றும் பீப்பாய் பீரைப் போல இருக்கட்டும் என்பதற்காக. காஸ்க் என்று சொல்லும் அந்தப் பீப்பாயில் பீர் வடிகட்டப்படாமல் உயிருள்ள ஈஸ்டோடு இருக்கும். அதில் கரைந்திருக்கும் கரியமில வாயு, பீரின் கொள்ளளவைப்போல ஒரு மடங்குக்குச் சற்று மேலே, அவ்வளவுதான். சாதாரண கேனில் இரண்டரை மடங்கு வரை இருக்கும். அதிலும் யார்க்‌ஷயர், லங்காஷயர் பக்கம் குழாய் நுனியில் ஸ்பார்க்ளர் என்ற சல்லடை மூடியை மாட்டி, பீரை அதன் வழியே பீய்ச்சி கெட்டியான நுரை வரவைப்பார்கள். தெற்கே அந்தப் பழக்கம் கிடையாது, அங்கே நுரை சும்மா ஒரு விரல்கூட இருக்காது. ஆக, யார்க்‌ஷயரில் இருக்கும் உங்கள் லீட்ஸின் நுரையைத்தான் விட்ஜெட் நகல் எடுக்கிறது. என் அபிப்பிராயத்தைக் கேட்டால், நுரையை நகல் எடுத்த அளவுக்கு அது சுவையை எடுக்கவில்லை. வாசனையை மூக்குக்குத் தூக்கிக்கொண்டு வருவது கரியமில வாயு. அது குறைந்து நைட்ரஜன் கூடும்போது ஹாப்ஸ் வாசனை அமுங்கிப்போகும், கசப்பின் முனையும் மழுங்கும். உங்களுக்குக் கட்டன் சாயா ஞாபகம் வந்ததற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம்.

குலுக்கினால் சத்தம் இல்லையென்றால் அது சாதாரண கேன். அதில் பிரச்சினை நேரெதிர். வாயு கூடுதலாகி, கரியமில வாயுவின் புளிப்பும் குத்தலும் மால்ட்டை மறைக்கும். அதைச் சரிசெய்வது சுலபம். கிளாஸைச் சாய்க்காமல் நேராக வைத்து நடுவில் ஊற்றி, நுரை அடங்கும் வரை விட்டு, ஒரு சுழற்று சுழற்றினால் போதும். மூன்றாவதாக ஒரு வகையும் உண்டு, கேனுக்குள்ளேயே ஈஸ்டோடு பக்குவப்படுவது. காஸ்க் பீரைக் காப்பாற்ற 1971-இல் தொடங்கிய கேம்ரா அமைப்பு நீண்ட காலம் கேனைக் கண்டாலே ஒதுங்கிப்போனது. 2015-இல் பிரிஸ்டலின் மூர் ஆலையின் கேன்களை முதன்முதலாக உண்மையான ஏல் (உயிருள்ள ஈஸ்டோடு வரும் பீர்) என்று ஏற்றுக்கொண்டது. அந்த வகை கேனில் அடியில் மண்டி இருக்கும், கடைசியில் கலங்கலாக வந்தால் பயப்பட வேண்டாம்.

சுவைக்கும் முறைக்கு வருகிறேன். நேராகக் கேனிலிருந்து குடித்து எடைபோட முடியாது. சுவை என்று நாம் சொல்வதில் பெரும்பங்கு வாசனை, கேனின் ஓட்டையில் மூக்குக்கு வேலையே இல்லை. கிளாஸ் எண்ணெய்ப் பிசுக்கும் சோப்பும் இல்லாமல் இருக்கட்டும், இரண்டுமே நுரையைக் கொன்றுவிடும். அடுத்தது குளிர்ச்சி. பப்பின் நிலவறையில் பீர் 11 முதல் 13 டிகிரியில் இருக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து 4 டிகிரியில் எடுத்து உடனே குடித்தால் மால்ட் வாசனை எழவே எழாது, கசப்பு மட்டும் தனியாக நிற்கும். சாதாரண கேனை எடுத்து வைத்து அரை மணி நேரம் கழித்துத் திறவுங்கள். விட்ஜெட் கேனை மட்டும் அப்படிச் செய்யாதீர்கள், வெதுவெதுப்பாகத் திறந்தால் பொங்கி வழியும். அதைக் குளிராகவே திறந்து ஒரே மூச்சில் ஊற்றிவிட்டு, கிளாஸை இருபது நிமிடம் மேஜையில் விடுங்கள். உங்கள் பீரைக் குளிர் தணிய விடாமல் குடித்தீர்களா என்று நீங்கள் எழுதவில்லை. என் ஊகம், ஆமாம்.

ஊற்றியதும் முதலில் மூக்கு. இரண்டு மூன்று குட்டி மூச்சு போதும், நீளமாக இழுத்தால் மூக்கு சீக்கிரம் அலுத்துவிடும். அப்புறம் நிறத்தையும் தெளிவையும் பாருங்கள். வைக்கோல் பொன்னிலிருந்து செம்பு வரை எதுவும் சரிதான். பிறகு ஒரு வாய், விழுங்குங்கள், வாயை மூடி மூக்கு வழியே மூச்சு விடுங்கள். தொண்டை வழியாக மேலேறும் வாசனையில்தான் மால்ட் முழுதாகத் தெரியும். முதல் வாய்க்குத் தீர்ப்பு எழுதாதீர்கள், வாய் அதற்கு முன் சாப்பிட்டதைக் கழுவிக்கொண்டிருக்கும். மூன்றாவது வாய்க்குப் பிறகு எழுதுங்கள். கிளாஸ் பாதியானதும் நிறுத்தி இன்னொரு முறை எழுதுங்கள்.

இந்த ‘பாதி’ விஷயத்தை எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எங்கள் சுவைக் குழுவின் தலைவி. நான் சேர்ந்த முதல் வருடம், பெயர் தெரியாமல் மூன்று பீர் வைத்தார்கள். சாராயமும் இனிப்பும் தூக்கலாக இருந்த ஒன்றுக்கு நான் உச்ச மதிப்பெண் போட்டேன். 3.7 சதவீத பிட்டர் ஒன்றுக்கு ‘சாது, குறிப்பாக ஒன்றுமில்லை’ என்று எழுதினேன். அந்த அம்மா ஒன்றும் சொல்லவில்லை. அந்த வெள்ளிக்கிழமை வேலை முடிந்ததும் அதே மூன்றையும் பெரிய கிளாஸ்களில் மேஜையில் வைத்து, பேசிக்கொண்டே விருப்பமானதைக் குடிக்கச் சொன்னார். முக்கால் மணி நேரம் கழித்து அளவுக் குவளையை எடுத்து வந்து மிச்சத்தை அளந்தார். நான் உச்சத்தில் வைத்ததில் பாதிக்கு மேல் அப்படியே இருந்தது. பிட்டர் கிளாஸ் காலி. அன்றிலிருந்து ஒரு பிட்டருக்கு மதிப்பெண் போடும்போது, கை தானாக கிளாஸைத் தேடிப் போகிறதா என்பதைத்தான் முதலில் கவனிக்கிறேன்.

இனி, உண்மையிலேயே கெட்டது எது? சந்தேகமே இல்லாதவற்றை முதலில் சொல்கிறேன். நனைந்த அட்டைப்பெட்டி வாசனை வந்தால் ஆக்சிஜன் பட்டுப் பழசாகிவிட்டது என்று அர்த்தம். கேன் பிட்டரில் நான் அதிகம் பார்த்த கோளாறு இதுதான். மூடும்போது பில்லியனில் நூறு பங்கு ஆக்சிஜன் தங்கினாலே நாலைந்து மாதத்தில் காட்டிக்கொடுத்துவிடும். சூடு அதை விரட்டி விரட்டி வளர்க்கும். பீர்க்காரர்களிடம் ஒரு தோராயக் கணக்கு உண்டு: 32 டிகிரியில் 3 நாள், 22 டிகிரியில் 30 நாள், 3 டிகிரியில் 300 நாள், மூன்றும் பீருக்கு ஒரே அளவு முதுமை. கேன் அடியில் அச்சடித்த தேதி பொதுவாக அடைத்த நாளிலிருந்து 9 முதல் 12 மாதம் வரை இருக்கும், அதிலிருந்து பின்னோக்கி எண்ணி வயதைக் கண்டுபிடிக்கலாம். தயிர்ப் புளிப்போ வினிகர் நெடியோ வந்தால் கிருமி புகுந்துவிட்டது, கீழே கொட்டிவிடுங்கள். வேகவைத்த மக்காச்சோள வாசனை தூக்கலாக வந்தால் காய்ச்சியதில் தவறு. வெயில் பட்டு வரும் நாற்றம் மட்டும் கேனில் வராது, வெளிச்சம் உள்ளே போக வழியே இல்லையே. பாட்டிலைவிடக் கேன் ஜெயிக்கிற இடம் அது.

அடுத்து, அவ்வளவு உறுதியாகச் சொல்ல முடியாதவை. வெண்ணெய் வாசனை: லாகரில் அது பிழை, பிட்டரில் ஒரு துளி இருந்தால் பல ஆலைகளின் பாணி. எவ்வளவு வரை பொறுக்கலாம் என்பதில் நடுவர்களுக்குள்ளேயே சண்டை வரும். தீக்குச்சி உரசிய மாதிரி கந்தகம்: பர்ட்டன் பாணி பீரில் ஊற்றிய உடன் வரலாம், ஐந்து நிமிடத்தில் போய்விட்டால் மன்னித்துவிடுவேன், போகாவிட்டால் குறைப்பேன். உலோகச் சுவை என்று பலர் கேன்மேல் பழி போடுவார்கள். கேனின் உட்புறம் மெல்லிய பூச்சு உண்டு, பீர் அலுமினியத்தைத் தொடுவதில்லை. உதட்டில் படும் விளிம்பும் மனசும் சேர்ந்து செய்கிற வேலையாகவும் இருக்கலாம். சோதிக்க ஒரு வழி உண்டு. புறங்கையில் நாலு சொட்டு தேய்த்து மோந்து பாருங்கள். பீரில் உண்மையிலேயே இரும்பு கலந்திருந்தால் தோலின் எண்ணெயோடு சேர்ந்து காசு வாசனை பளிச்சென்று எழும்.

மதிப்பெண் எப்படிப் போடுவது என்றும் கேட்டிருந்தீர்கள். பீர் நடுவர்கள் பலர் பயன்படுத்தும் தாளில் மொத்தம் 50: வாசனைக்கு 12, தோற்றத்துக்கு 3, சுவைக்கு 20, வாயில் உணரும் கனத்துக்கு 5, மொத்த அபிப்பிராயத்துக்கு 10. ‘எனக்குப் பிடித்ததா’ என்ற கேள்வி கடைசி பத்தில்தான் வர வேண்டும். மற்ற நாற்பதும் அந்த வகைக்கு அது எவ்வளவு பொருந்துகிறது என்பதற்கு. குறைந்த சதவீதம் என்பதற்காக யாரும் குறைத்துப் போடுவதில்லை. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் கீத்லியில் காய்ச்சும் டிமத்தி டெய்லர்ஸ் ஆலையின் லேண்ட்லார்ட் 4.3 சதவீத காஸ்க் பிட்டராக இருந்தே பிரிட்டனின் சிறந்த பீர் என்ற கேம்ராவின் பட்டத்தை நாலு முறை வாங்கியிருக்கிறது. ஒரே பெயரில் பீப்பாயிலும் கடையிலும் வருவது ஒரே பீர் என்றும் எண்ணாதீர்கள். ஃபுல்லர்ஸ் ஆலையின் லண்டன் பிரைட் பிட்டர் நீண்ட காலம் காஸ்கில் 4.1, பாட்டிலில் 4.7 என்றுதான் வந்தது. கேனை வைத்து ஒரு ஆலையைத் தள்ளிவிடுவதும், பப்பில் குடித்ததை வைத்துக் கேனைப் புகழ்வதும் இரண்டுமே சரிப்படாது.

இன்னும் இரண்டு கேன் மிச்சம் இருக்கிறது அல்லவா? ஒன்றை நான் சொன்ன மாதிரி குளிர் தணிய விட்டுக் குடித்து, மூன்றாவது வாயிலும் பாதி கிளாஸிலும் என்ன தெரிந்தது என்று எழுதி வையுங்கள். அடுத்த இரண்டு மூன்று நாளுக்குள், நினைவு மங்குவதற்கு முன், லீட்ஸ் நடுவில் இருக்கும் விட்லாக்ஸுக்குப் போங்கள். 1715-இல் தொடங்கிய பப் அது. காஸ்கில் என்ன பிட்டர் இருக்கிறது என்று கேட்டு அரை பைண்ட் வாங்குங்கள், அது போதும். அந்தக் குறிப்பையும் இந்தக் குறிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் இங்கே எழுதுங்கள், கேனின் பெயரையும் அடியில் உள்ள தேதியையும் சேர்த்து. அப்போது அந்தக் கேனைப் பற்றி உறுதியாகவே சொல்ல முடியும்.